எடைக்குப் போட்ட ரிஜிஸ்டரும் எடை பார்த்த ரிஜிஸ்டரும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வேலை, வீடு, பையனோட பரீட்சைன்னு ஓடிடுச்சு. ஒரு விஷயம் மட்டும் ரெண்டு மாசமா மண்டைக்குள்ள உட்கார்ந்துகிட்டு போகமாட்டேங்குது. எழுதினாத்தான் இறங்கும். கொஞ்சம் நீளமாப் போகும், டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்குங்க.

நான் இங்கே இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவில் பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வாரத்துக்கு இருபது மணி நேரம். பேர்தான் பெருசு. வேலை என்னன்னா, கிளினிக் லிஸ்ட் போடறது, வராதவங்களுக்கு ஃபோன் பண்றது, டாக்டர் சொல்லி வெச்ச கடிதங்களை அனுப்பறது, காணாமப்போன ஃபைலைத் தேடறது. ஒரு நாளைக்கு இருபது முறையாவது "அது என் வேலை இல்லைங்க, ஆனா பார்க்கிறேன்"னு சொல்லுவேன். :-)

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணுக்கு ஃபோன் போட்டேன். யாழ்ப்பாணத்துப் பொண்ணு, முதல் குழந்தை. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயித்தோட வரணும்னு சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அப்புறம் கேள்வி:

"அக்கா, எனக்கு ஏன் இந்தச் சோதனை? நான் மெலிஞ்ச ஆள்தானே? எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சீனி வருத்தம் இல்லை. என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இது இல்லையாம்."

நியாயமான கேள்விதான். ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. குடும்பம் தெற்காசியாவிலிருந்து வந்தது என்று டிக் அடித்தால், 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் நடுவில் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அழைப்பு போகும். இந்த நாட்டு வழிகாட்டுதல் அப்படி. நம்ம மக்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தப் பொண்ணுகிட்ட அதைச் சொன்னேன், "சரி அக்கா, வாறன்"னு வெச்சுட்டாங்க. ஆனா எனக்குள்ள அந்தக் கேள்வி நிற்கவில்லை. ஒல்லியா இருக்கிற நமக்கு ஏன்? அதுக்கு முழு பதில் யாரிடமும் இல்லை. ஆனால் பதிலின் ஒரு பெரிய துண்டு, நான் பத்து வருஷம் குடியிருந்த மைசூரில், ஒரு ஆஸ்பத்திரியின் பழைய ரிஜிஸ்டர்களில் இருந்து வந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. (2014லேயே பேரை மைசூருன்னு மாத்திட்டாங்க. வாய்க்கு மைசூர்னுதான் வருது, மன்னிச்சுக்குங்க.)

முதலில் என் கதை

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி மைசூர் வந்தேன். என் புகுந்த வீட்டுக்காரங்க மூணு தலைமுறையா அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே கன்னடம், பக்கத்துத் தெருவுக்குப் போனால் உருது. பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும், 1999இல், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். காலையில் ஒன்பதிலிருந்து ஒண்ணரை வரைக்கும். பிரசவப் பிரிவின் ஆபீஸ் வேலை. ஐ.பி. நம்பர் போடுவது, கேஸ் ஷீட்டை வரிசைப்படுத்துவது, மாதக் கடைசியில் எத்தனை பிரசவம், எத்தனை சிசேரியன் என்று கணக்கு எடுத்து மாநகராட்சிக்குப் பிறப்பு ஃபாரம் அனுப்புவது. அப்பவும் இதே வேலைதான், இப்பவும் இதே வேலைதான். சம்பளம்தான் பவுண்டாச்சு.

அந்த ஆஸ்பத்திரி, அதுக்கு முன்னாடி இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமை வாங்கி வளர்ந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம். அதற்குள் அந்த நர்சிங் ஹோம் காலத்து லேபர் வார்டு ரிஜிஸ்டர்கள். அறுபதுகளில் இருந்து எண்பதுகள் வரை. சிவப்புத் துணி அட்டை, ஓரம் கரையான் தின்றது. 2001இல் அந்த ரூமை மருந்து ஸ்டோராக மாற்ற முடிவானது. "பழசெல்லாம் லிஸ்ட் போடுங்க, எடைக்குப் போட்டுடலாம்" என்றார் நிர்வாகி. நான் லிஸ்ட் போட்டேன். நாற்பத்தியொரு ரிஜிஸ்டர். கீழே என் கையெழுத்து. பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். கிலோ நாலு ரூபாய்.

போடுவதற்கு முன்னாடி ஒன்றை விரித்துப் பார்த்தேன். தாய் பேர், தகப்பன் பேர், எத்தனையாவது பிரசவம், குழந்தை ஆணா பெண்ணா, எடை எத்தனை பவுண்டு எத்தனை அவுன்ஸ். அழகான நீல மசிக் கையெழுத்து. "பாவம், யாரோ உட்கார்ந்து எழுதியிருக்காங்க"ன்னு தோணுச்சு. அவ்வளவுதான் தோணுச்சு. மூடி தராசில் வெச்சுட்டேன்.

அன்றைக்கு நான் நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மண்டி மொஹல்லா. அங்கே இன்னொரு ஆஸ்பத்திரி, இதே மாதிரி ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது. அதை வைத்து ஐந்து வருஷம் முன்பே, 1996இல், உலகத்தின் பெரிய மருத்துவ இதழான லான்செட்டில் ஒரு கட்டுரை வந்துவிட்டது. அதே ஊரில், அதே வேலை பார்த்த எனக்கு அது தெரியாது.

மிஷன் ஆஸ்பத்ரே

மைசூரில் ரெண்டு பழைய ஆஸ்பத்திரிகளைப் பேர் சொல்லாமலே அடையாளம் சொல்வார்கள். கே.ஆர். ஆஸ்பத்திரி என்றால் "தொட்டாஸ்பத்ரே", அதாவது பெரிய ஆஸ்பத்திரி. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அந்தக் கல்லூரி 1924இல் பெங்களூரில் தொடங்கி 1930இல் மைசூருக்கு வந்தது. இன்னொன்று "மிஷன் ஆஸ்பத்ரே". வெஸ்லியன் மிஷனரிகள் 1906இல் தொடங்கியது. மேரி கால்வெர்ட் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற பெண்மணியின் நினைவாகப் பேர். பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையின் கைக்கு வந்ததால் சி.எஸ்.ஐ. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை.

அந்தக் கால மைசூர் சமஸ்தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கு எடுப்பதிலும் சுகாதாரத்திலும் ஆர்வம் இருந்த ராஜ்ஜியம். 1930இல் அரசே கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறக்க உத்தரவு போட்டது. உலகத்திலேயே ஒரு அரசாங்கம் இப்படிச் செய்தது அதுதான் முதல் என்று சொல்வார்கள். நாலாவது கிருஷ்ணராஜ உடையார் காலம். அவருடைய சகோதரி கிருஷ்ணாஜம்மணி காசநோயில் இறந்துபோக, அவர் பேரில் 1921இல் காசநோய் சானடோரியம் வந்தது. அரண்மனைக்குள்ளும் சாவு வந்து போன காலம் அது. குடிசையில் என்ன நிலைமை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான்.

அந்தச் சூழ்நிலையில், மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், 1934இலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் அளந்து எழுத ஆரம்பித்தார்கள். தாயின் எடையும் சேர்ந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்கும், இருபதாவது பிரசவம் பார்த்துக் களைத்த நாளிலும். அந்த நர்ஸுகளின் பேரோ, மசி தொட்டு எழுதின கிளார்க்கின் பேரோ எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் கிடையாது. இப்படி வருஷா வருஷம் எழுதி, எழுதினதை யாரும் தூக்கிப் போடாமல், 1966 வரைக்கும் உள்ள பதிவுகள் பின்னாளில் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன.

இங்கிலாந்தில் ஒரு சைக்கிள்காரம்மா

இந்த ரிஜிஸ்டர்களுக்கு மதிப்பு வந்த கதை நான் இப்போது இருக்கும் நாட்டில் தொடங்குகிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று லண்டனுக்கு வடக்கே ஒரு மாவட்டம். அங்கே எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற அம்மா மருத்துவச்சிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போவார். 1911இலிருந்து அந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடை, ஒரு வயதில் எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதையெல்லாம் பேரேட்டில் எழுத வைத்தார். நோக்கம் சாதாரணம்: குழந்தைகள் சாகக்கூடாது.

எழுபது வருஷம் கழித்து சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கர் குழுவிடம் அந்தப் பேரேடுகள் கிடைத்தன. அந்தக் குழந்தைகள் இப்போது கிழவர்கள், பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எப்படிச் செத்தார்கள் என்று தேடினார்கள். 1911க்கும் 1930க்கும் நடுவில் பிறந்த 5,654 ஆண்கள். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களிடம் மாரடைப்பு மரணம் அதிகம் என்று 1989இல் வெளியிட்டார்கள். நாற்பது ஐம்பது வயதில் வரும் நோய்க்கு விதை வயிற்றுக்குள்ளேயே விழுகிறது என்ற எண்ணம் அப்போது பலருக்கு வேடிக்கையாக இருந்தது. சிகரெட், கொழுப்பு, சோம்பேறித்தனம், இவைதான் காரணம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம்.

சரி, வெள்ளைக்காரர்களுக்கு உண்மை. குழந்தைகள் ரொம்பச் சின்னதாகப் பிறக்கும், மாரடைப்பும் சர்க்கரையும் ரொம்ப அதிகமாக இருக்கும் தென்னிந்தியாவில்? அதைப் பார்க்க வேண்டுமானால் அங்கேயும் அதே மாதிரி பழைய பேரேடு வேண்டும். எத்தனை ஆஸ்பத்திரியில் இருக்கும், சொல்லுங்க! மைசூரில் இருந்தது.

"நீவு எல்லி ஹுட்டித்து அம்மா?"

பேரேடு இருந்தால் போதுமா? ஆளைக் கண்டுபிடிக்க வேண்டாமா? இங்கிலாந்தில் தேசிய சுகாதாரப் பதிவேடு இருந்தது, எண்ணைப் போட்டால் ஆள் கிடைப்பார், இறந்திருந்தால் காரணமும் கிடைக்கும். நம்ம ஊரில்?

என்னை மாதிரி ஆபீஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் உடனே புரியும். பிரசவ ரிஜிஸ்டரில் குழந்தைக்குப் பேரே கிடையாது! தாய் பேரில்தான் இருக்கும். அந்தக் குழந்தைக்குப் பேர் வைத்து, அது பெண்ணாக இருந்தால் கல்யாணத்துக்குப் பின் கணவன் பேரும் சேர்ந்து, ஐம்பது வயதில் வேறு தெருவில் வேறு ஆளாக இருக்கும். தாய் பேரும் லக்ஷ்மி, லட்சுமி, லட்சுமம்மா என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

அதனால் கரோலைன் ஃபால் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில் வந்த குழு நேர்வழியில் இறங்கியது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் போய், இங்கே பிறந்தவர் யாராவது உண்டா என்று விசாரிப்பது. கிடைத்தவர்களின் விவரத்தை ரிஜிஸ்டரோடு ஒப்பிடுவது. 1993இல் தொடங்கிய இந்தத் தேடல் பல வருஷம் நடந்து, 1934க்கும் 1966க்கும் நடுவில் அங்கே பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க வீட்டுக்கும் வந்தார்களே! நான் கல்யாணமாகி வந்த புதுசு. ரெண்டு பேர், கையில் அட்டையோடு. "நீவு எல்லி ஹுட்டித்து அம்மா?" என்று என் மாமியாரைக் கேட்டார்கள், எங்கே பிறந்தீங்கன்னு. அவர் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, எல்லார் பேரையும் ஒப்பித்தார். "மிஷன் ஆஸ்பத்ரேயல்லி" என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம். தேதி கேட்டார்கள். மாமியார் யோசித்து, "சர்வஜித்து வருஷம், ஐப்பசி மாசம், தீபாவளிக்கு முன்னாடி" என்றார். :-) எங்க மாமனார் உள்ளேயிருந்து பஞ்சாங்கக் கணக்குப் போட்டு "1947" என்று குரல் கொடுத்தார். எழுதிக்கொண்டு போனார்கள்.

அதுக்கப்புறம் யாரும் வந்த ஞாபகம் இல்லை. ரிஜிஸ்டரில் பொருந்தியதா இல்லையா, மாமியாரும் கேட்கவில்லை. அவருக்கு நாற்பத்தியெட்டு வயதில் சர்க்கரை வந்தது. ஒல்லி உடம்பு. இனிப்பு தொடமாட்டார். "நான் என்ன பாவம் பண்ணினேன்"னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். யாழ்ப்பாணத்துப் பொண்ணு கேட்ட அதே கேள்விதான், வார்த்தைதான் வேற.

ரிஜிஸ்டர் சொன்னது

1996 கட்டுரையில் 517 பேர். 1934க்கும் 1954க்கும் இடையில் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்து, இன்னும் அதன் அக்கம்பக்கத்திலேயே இருந்தவர்கள். பிறக்கும்போது ரெண்டரை கிலோ அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய். மூன்று கிலோ நூறு கிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் தெளிவு. எல்லாவற்றிலும் அதிகம் யாருக்குத் தெரியுமா? தானும் ரெண்டரை கிலோவுக்குள் பிறந்து, கர்ப்ப காலத்தில் தாயின் எடையும் 45 கிலோவுக்குக் கீழே இருந்தவர்களுக்கு. அவர்களில் 20 சதவீதம். தாய் சாப்பிடாமல் கிடந்த பசி, பிள்ளையின் நெஞ்சில் ஐம்பது வருஷம் கழித்து வலிக்கிறது. கிளார்க் எழுதிய நாலு எண்ணில் இருந்து இது வெளியே வந்தது.

சர்க்கரையில் கதை திரும்பியது. 1998இல் வந்த அடுத்த கட்டுரையில், எதிர்பார்த்தபடி சின்னக் குழந்தைகளிடம் சர்க்கரை அதிகம் என்று வரவில்லை. நீளம் குறைவாக, அந்த நீளத்துக்கு எடை அதிகமாக, குண்டுக் கட்டையாகப் பிறந்தவர்களிடமும், எடை கூடிய தாய்மாருக்குப் பிறந்தவர்களிடமும்தான் அதிகம். ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது: அந்தத் தாய்மாருக்கே கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருக்குமோ? முப்பதுகளின் ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பேரேட்டில் பதில் இருக்காது, பாருங்க.

அதனால் அதே ஆஸ்பத்திரியில் 1997-98இல் புதிய பதிவு ஒன்றைத் தொடங்கினார்கள். மைசூர் பார்த்தினான் ஆய்வு. 830 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். சோதனை செய்துகொண்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்குக் கர்ப்ப கால சர்க்கரை. 43 சதவீதம் பேருக்கு பி12 வைட்டமின் குறைவு. அந்தக் குழந்தைகளை விடாமல் வருஷா வருஷம் அளந்தார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே கொழுப்பும் இன்சுலினும் கூடுதல் என்று தெரிந்தது. இதை மைசூரிலிருந்தே நடத்தியவர்களில் டாக்டர் ஜி.வி. கிருஷ்ணவேணி முக்கியமானவர். பிறகு டாக்டர் முரளி கிருஷ்ணா அந்த முப்பதுகள் முதல் அறுபதுகள் வரையிலான பழைய பிறப்புக் கூட்டத்தை முதுமையில் மறதி, மனநலம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்.

புனேயில் டாக்டர் யாக்னிக் குழு பார்த்ததையும் இதோடு சேர்க்கணும். அங்கே பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் தோலுக்குக் கீழே கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சதை கம்மி, கொழுப்பு கம்மி இல்லை. வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. நம்ம வேலூர் சி.எம்.சி.யிலும் 1969-73 பிறப்புகளை எழுதி வைத்து, அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களான பின்னும் தொடர்ந்தார்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1934இலிருந்து பிறந்தவர்களின் பதிவு இருக்கிறது. மைசூரும் ஹெல்சிங்கியும் ஒரே வருஷத்தில் தொடங்குவது தற்செயல்தான், ஆனா எனக்கு ஏனோ பிடிச்சிருக்கு.

இங்கே ஃபாரத்தில் அந்தக் கட்டம் வந்ததற்கு மைசூர் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். இங்கேயே குடியேறிய நம் மக்களிடம் பார்த்த கணக்குகளும் உண்டு. ஆனால் "ஒல்லியா இருக்கோமே, நமக்கு ஏன்" என்ற கேள்விக்கு மண்டி மொஹல்லா ரிஜிஸ்டருக்கு ஒரு பங்கு உண்டு.

எங்கள் ஜாதியின் சரித்திரம்

இதைப் படிக்கப் படிக்க, எங்க ஆபீஸ் ஜாதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று தேடினேன். முதல் ஆள் யார் என்று நினைக்கிறீங்க? கை விளக்கோடு நிற்கும் படத்தில் பார்த்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மாவே. அவர் கணக்குப்பிள்ளையும்கூட. 1860இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி ஃபாரத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆஸ்பத்திரிக் கணக்கு எங்கேயுமே இல்லை என்பது அவருடைய புகார்.

அடுத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக். அங்கே ஒவ்வொரு டாக்டரும் தனித்தனி லெட்ஜர் வைத்திருந்தார்கள். ஒரு நோயாளி நாலு டாக்டரைப் பார்த்தால் நாலு லெட்ஜரில் நாலு துண்டு. ஹென்றி பிளம்மர் என்ற டாக்டர் 1907இல் ஒரு நோயாளிக்கு ஒரு எண், ஒரு ஃபைல் என்று மாற்றினார். இன்றைக்கு உலகத்தில் எந்த ஓ.பி. சீட்டிலும் இருக்கும் நம்பருக்கு அதுதான் தாத்தா. பாஸ்டனில் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற அம்மா ஆஸ்பத்திரிப் பதிவேடுகளுக்கென்றே நூலகராக இருந்து, 1928இல் அந்த வேலை பார்ப்பவர்களுக்கு முதல் சங்கம் தொடங்கினார். எங்களுக்கும் ஒரு பாட்டி இருக்காங்கன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருந்துச்சு.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன?

இந்தியாவில் 2002இல் வந்த மருத்துவக் கவுன்சில் விதிப்படி, உள்நோயாளிப் பதிவுகளை டாக்டர்கள் மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். இந்த ரெண்டாவது பாதி பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் மகப்பேறுப் பதிவுகளை 25 வருஷம் வைக்கிறோம். ரெண்டுமே மைசூர் ரிஜிஸ்டர்களுக்குப் போதாது, கவனிச்சீங்களா? 1934 ரிஜிஸ்டரை 1993இல் திறந்தார்கள். ஐம்பத்தொன்பது வருஷம்! விதிப்படி நடந்திருந்தால் எப்போதோ பொட்டலம் மடிச்சிருப்பாங்க.

இப்போது கம்ப்யூட்டர் வந்தாச்சு, 2021இலிருந்து இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க சுகாதார எண்ணும் தருகிறார்கள். நல்லதுதான். ஆனா நான் பார்த்தவரைக்கும், சிஸ்டம் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய சிஸ்டத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். கரையான் இல்லாத ஊரிலும் ரெக்கார்டு காணாமப் போகும். அதனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், வெளிநாட்டில் இருக்கிறவங்க இதைச் செய்யுங்க:

குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமா வையுங்க. பிறப்பு எடை, எத்தனையாவது வாரம், தாய்க்கு அப்போ சர்க்கரை இருந்ததா என்பது அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் எடை இருக்காது. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று இந்தியச் சட்டம் மாறியிருக்கிறது, எனவே அதிலும் பேர் எழுத்துப்பிழை இல்லாமல் பாருங்க. ஊரில் அம்மா இருந்தால், உங்களைப் பெற்றபோது எவ்வளவு எடை, கர்ப்பத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்க. அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே.

கடைசியாக

போன மாதம் எங்க டிபார்ட்மென்டில் பழைய பிரசவ ரிஜிஸ்டர்கள் விஷயம் வந்தது. ஸ்கேன் பண்ணுவதற்குப் பணம் இல்லை, 25 வருஷம் தாண்டியதை அழிக்கலாம் என்று ஒரு மெயில், கீழே லிஸ்ட், ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு. என் பேர் டைப் செய்திருந்தது.

நான் போடவில்லை. அழிப்பதற்கு முன் மாவட்ட ஆவணக் காப்பகத்தைக் கேட்க வேண்டும் என்று பதில் எழுதினேன். என் மேலாளருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். "வாரத்துக்கு இருபது மணி நேரம் வர்ற ஆளுக்கு இது எதுக்கு"ன்னு வாயால் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. காப்பகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொள்வார்களா தெரியாது. அதுவரைக்கும் பெட்டிகள் என் மேஜைக்குப் பின்னாடிதான். காலை நீட்ட இடமில்லை.

நாற்பத்தியொரு ரிஜிஸ்டர் திரும்பி வராது. அதில் இருந்த பிள்ளைகள் இப்போது மைசூரில் ஐம்பது, அறுபது வயதில் எங்கோ சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எத்தனை பவுண்டு எத்தனை அவுன்ஸில் பிறந்தார்கள் என்று சொல்ல யாருமில்லை. அன்றைக்கு அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, சட்டப்படி தப்பும் இல்லை. ஆனாலும் கீழே இருந்தது என் கையெழுத்து.

அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு பரிசோதனைக்கு வந்தாங்க. ரிசல்ட் என்னன்னு நான் சொல்லக்கூடாது. வெயிட்டிங் ஹாலில் என்னைப் பார்த்து, "அக்கா, அண்டைக்குக் கேட்டனே, ஏன் எண்டு?" என்றாங்க. டீ பிரேக் பத்து நிமிஷம். மைசூர்ல ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சும்மான்னு ஆரம்பிச்சேன்.

உங்க வீட்டில் யாராவது மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க இருந்தா சொல்லுங்க. வேற ஊர் பழைய பேரேடு கதை இருந்தாலும் எழுதுங்க, காத்திருக்கேன். அடுத்த பதிவு இவ்வளவு நீளமா இருக்காது, சத்தியமா. :-)